தூள் பைக்கும் ஓர் இலக்கம்

வட்டக்கச்சியில் எங்கள் பெண்கள் குழு மிளகாய்த்தூள், அரிசிமா, ஒடியல்மா ஆகியவற்றைப் பொதி செய்து விற்கின்றது. சமூகப் பணியாளராக வாரம் ஒருமுறை அங்கு செல்வேன். சமூகவியல் படித்த எனக்குக் களஞ்சியம் பற்றி எதுவும் தெரியாது. அதை ஒரு மாரிகாலம் படிப்பித்தது.

கடைக்காரர் ஒருவர் பூஞ்சணம் பிடித்த மிளகாய்த்தூள் பைகள் நான்கைத் திருப்பி அனுப்பினார். அவை எந்த நாள் அரைத்தவை, எந்த மூடை மிளகாய் என்பது எவருக்கும் தெரியவில்லை. புதுப் பைகளை முன்னால் அடுக்கி, பழையவற்றைப் பின்னால் தள்ளியிருந்தோம். பழுதானவற்றைப் பிரித்தறிய வழியின்றி, இருந்த தூள் முழுவதையும் புதைத்தோம். அந்த மாதம் ஒருவருக்கும் கூலியில்லை. கணக்குக் கொப்பியைப் பார்க்காமல் விட்ட பிழை என்னுடையதும்தான்.

பெரிய உணவுத் தொழிற்சாலைகள் இதற்கெனக் கணினி மென்பொருள் வைத்திருக்கின்றன. வந்திறங்கும் மூலப்பொருளுக்கு ஒரு தொகுதி இலக்கம். அதிலிருந்து செய்த பண்டத்துக்கு இன்னோர் இலக்கம். வாங்கிய கடையின் பெயரும் பதிவாகும். முதலில் காலாவதியாவது முதலில் வெளியேற வேண்டும் என்பதையும் அது நினைவூட்டும். ஏதும் பழுதென்றால் அந்தத் தொகுதியை மட்டும் மீளப்பெறலாம்.

இது சிறிய விடயமல்ல. 2008-2009 இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் நிலக்கடலை உற்பத்தியில் கிருமி கலந்ததால் 700 பேருக்கு மேல் நோயுற்றனர்; 9 பேர் இறந்தனர். அந்தக் கடலை சேர்ந்த ஆயிரக்கணக்கான பண்டங்களைத் தேடித் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. எமது நாட்டிலும் பொதி செய்த உணவில் தொகுதி இலக்கமும் உற்பத்தி, காலாவதித் திகதிகளும் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

எங்களிடம் கணினி இல்லை. ஆகவே கொப்பியில் கோடு கீறினோம். இலக்கம் என்றதும் ஓர் அக்காவின் முகம் மாறியது.

"முகாமிலையும் எங்களுக்கு இலக்கம்தானே தந்தவை, தங்கச்சி" என்றார்.

2009 இல் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் இருந்தவர் அவர். கணவரை இன்றும் தேடுகிறார். எனக்குப் பதில் வரவில்லை. சிறிது நேரத்தின் பின் அவரே கொப்பியை வாங்கினார்.

"இந்தத் தூளாவது எங்கை போனதெண்டு தெரியட்டும்."

இன்று களஞ்சியப் பொறுப்பு அவரிடமே. அண்மையில் மீண்டும் ஒரு முறைப்பாடு வந்தது. கொப்பியைப் புரட்டி, அந்தத் தொகுதியில் 11 பைகள் இரண்டு கடைகளில் இருப்பதை உடனே சொன்னார். அவற்றை மட்டும் எடுத்தோம். கூலி தப்பியது. இப்போது அவரது மகள் அதே கோடுகளைக் கைத்தொலைபேசியில் அட்டவணையாக்கப் பழகுகிறாள்.

சகோதரிகளே, மென்பொருள் பிறகு வரட்டும். இன்று அரைத்த மாவின் பையில் இன்றைய திகதியை எழுதுங்கள். அது கொடுக்கப்பட்ட கடையின் பெயரையும் குறித்து வையுங்கள். உங்கள் உழைப்பு உங்கள் கண்ணிலிருந்து மறையாது.