ஏரியல் நட்டவர்களுக்கு

மொட்டைமாடியிலும் ஓட்டுக்கூரையிலும் விமானங்களுக்காக ஏரியல் நட்டு வைத்திருக்கும், முகம் தெரியாத நண்பர்களுக்கு,

நீங்கள் எந்த நாடு, என்ன வயது, பிழைப்புக்கு என்ன செய்கிறீர்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் இருப்பவர்கள் உங்களை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள் என்று மட்டும் ஊகிக்க முடிகிறது. மாடியில் ஒரு கம்பி, உள்ளே உள்ளங்கையில் அடங்கும் ஒரு குட்டிக் கணினி, இராப்பகலாக ஓடும் மின்சாரம், மாதாமாதம் இணையக் கட்டணம். கைம்மாறாக விமான வரைபடச் சந்தா ஒன்று இலவசமாகக் கிடைக்குமாம், அவ்வளவுதான். அந்தக் கம்பியின் புண்ணியத்தில் நங்கநல்லூரில் 93 வயதுக்காரர் ஒருவர் தினமும் சாயங்காலம் வேலைக்குப் போய் வருகிறார். அவர் என் மாமனார்.

மாமா விமான மெக்கானிக். 1953-ல் தனியார் விமானக் கம்பெனிகளை நாட்டுடைமையாக்கி இந்தியன் ஏர்லைன்ஸ் அமைத்தார்களே, அதற்குக் கொஞ்ச காலம் கழித்து வேலைக்குச் சேர்ந்தவர். மீனம்பாக்கத்தில் பாதி, நாக்பூரில் பாதி என்று அவருடைய இளமை போனது. நாக்பூர் என்றால் நமக்கு ஆரஞ்சு, அவருக்கு நடுராத்திரி. 1949-ல் தொடங்கிய இரவுத் தபால் விமானச் சேவை பற்றி இன்று எத்தனை பேருக்குத் தெரியுமோ. டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் இரவில் ஒவ்வொரு விமானம் கிளம்பும். நான்கும் நாக்பூரில் வந்து கூடும். தபால் மூட்டைகள் கைமாறும், பயணிகள் விமானம் மாறுவார்கள், பிறகு ஒவ்வொன்றும் வந்த வழியே திரும்பி விடியற்காலையில் சொந்த ஊரில் இறங்கும். முதலில் டகோட்டா ரக விமானங்கள், பிறகு ஸ்கைமாஸ்டர்களும் வந்தன. மெட்ராஸிலிருந்து நாக்பூர் சுமார் 900 கிலோமீட்டர். டகோட்டாவுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஒரு விமானம் முரண்டு பிடித்தால் மற்ற மூன்றும் காத்து நிற்க வேண்டும். அந்த நேரத்தில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இன்ஜின் மூடியைத் திறந்து நின்ற பையன்களில் மாமாவும் ஒருவர்.

இப்போது அவருக்கு நடுப்பார்வை போய்விட்டது. விழித்திரையின் மையம் தேய்ந்துகொண்டே வரும் நோய். ஓரப்பார்வை மிச்சம். எதையாவது உற்றுப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். புதிதாக வருபவர்கள் பெரியவர் நம்மைக் கவனிக்கவில்லை என்று எழுந்து போய்விடுவார்கள். காதும் அப்படித்தான். முதுமையில் மெல்லிய, கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறன்தான் முதலில் குறையும். ஆகவே நான் அடுக்களையிலிருந்து கூப்பிடுவது அவருக்கு எட்டாது, இன்ஜினின் அடித்தொண்டை உறுமல் எட்டிவிடும். விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் பேட்டையில் அதற்குப் பஞ்சமும் இல்லை.

இப்படி இருப்பவருக்கு டேப்லெட் ஒன்றை வாங்கித் தந்தவன் என் மகன். மாமா அதைச் சிலேட்டு என்பார். ஆரம்பத்தில் சிலேட்டுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. வயதான விரல்களில் ஈரப்பசை கம்மி, அதனால் விரல் வந்து தொட்டதே கண்ணாடிக்குத் தெரிவதில்லை. தெரிந்தால் வேறு தொல்லை: கை நடுங்கி விரல் சற்று நேரம் தங்கிவிட, அதை நீண்ட அழுத்தம் என்று எண்ணி சம்பந்தமில்லாத பட்டியல் ஒன்றைத் திறந்து நீட்டும். ரப்பர் நுனி வைத்த பேனா ஒன்று வாங்கினோம். அணுகல்தன்மை அமைப்புக்குள் போய், தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீளமாக்கினோம். எழுத்தைப் பெரிதாக்கி, பின்னணியைக் கறுப்பாக்கி, சாப்பாட்டு மேசையில் சாய்த்து நிறுத்தியதும் சண்டை அடங்கியது. டேப்லெட் செய்பவர்கள் தொண்ணூறு வயது விரலை ஒரு தரமாவது பிடித்துப் பார்த்திருந்தால் இத்தனை பாடு தேவைப்பட்டிருக்காது.

பிறகுதான் நீங்கள் வந்தீர்கள். விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று அவ்வப்போதே காட்டும் ஃப்ளைட்ரேடார்24 வரைபடத்தைத் திறந்து சென்னையின் மேல் வைத்தோம். மஞ்சள் மஞ்சளாக விமானங்கள். மாமாவுக்கு அவை தெரிந்தும் தெரியாமலும் இருந்திருக்கும், ஒன்றும் சொல்லவில்லை. வெளியே ஒரு சத்தம் வந்தது. “இது ஜெட் இல்லையே, புரொபெல்லர் ஆச்சே” என்றார். மகன் அந்த விமானத்தைத் தொட்டான். தூத்துக்குடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஏடிஆர் 72. ஆறு தகடு கொண்ட இரண்டு புரொபெல்லர்கள்.

அன்றிலிருந்து ஆட்டம் இதுதான். திரையை எங்கள் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். அவர் காதால் சொல்வார், நாங்கள் சரிபார்ப்போம். பெரும்பாலும் ஏ320 வகையறாதான் என்பதால் அவருக்கு அதில் சுவாரசியம் குறைவு. நாக்பூருக்குப் போகிற விமானம் கண்ணில் பட்டால் மட்டும் இறங்கும்வரை விடமாட்டார். ஒன்றரை மணி நேரப் பயணமாம். “முப்பத்தைஞ்சாயிரம் அடியில போனா மேகமும் இல்ல, குலுக்கலும் இல்ல. நாங்க பத்தாயிரத்துக்குக் கீழே மழையோட மல்லுக்கட்டிக்கிட்டுப் போனோம்” என்று அந்த விமானிக்கு ஒரு கொட்டும் வைப்பார்.

இதையெல்லாம் யார் சொல்கிறார்கள், விமான நிலையத்து ரேடாரா என்று ஒரு நாள் கேட்டார். தேடிப் படித்துத்தான் நானே தெரிந்துகொண்டேன். விமானமே சொல்கிறது. செயற்கைக்கோள்களைக் கொண்டு தன் இருப்பிடத்தைக் கணித்து, 1090 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு ஓரிரு முறை அறிவித்துக்கொண்டே பறக்கிறது. தடையில்லாத மாடியில் நட்ட ஏரியல் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தூரம்வரை அதைக் கேட்கும். 2006-ல் ஸ்வீடனில் விமானப் பித்துப் பிடித்த இருவர் தொடங்கிய ஃப்ளைட்ரேடார்24 வலை, 2009-ல் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று கதவைத் திறந்துவிட, இன்று 40,000-க்கும் மேற்பட்ட ஏரியல்கள். நான் படித்துச் சொல்லச் சொல்ல மாமா தலையசைத்தார். அவர் காலத்தில் ரேடியோ ஆபீசர் ஒருவர் விமானத்தில் உட்கார்ந்து மோர்ஸ் சாவியைத் தட்டித் தட்டி இடத்தைச் சொல்வாராம். “இப்ப அந்த ஆள் இல்ல, அவ்வளவுதானே” என்றார்.

அதைவிட அவருக்குப் பிடித்தது இன்னொன்று. சில விமானங்கள் தங்கள் அடையாளத்தை மட்டும் சொல்லும், இடத்தைச் சொல்லாது. அந்தச் சமிக்ஞை வெவ்வேறு மாடிகளுக்கு வந்துசேரும் நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டு இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அதற்குக் குறைந்தது நான்கு ஏரியல்களாவது கேட்டிருக்க வேண்டும். “அப்போ ஒருத்தன் மட்டும் முழிச்சிருந்தா பத்தாது” என்றார். நாக்பூரில் அவர் பார்த்ததும் அதே கணக்குத்தான் போலிருக்கிறது.

நன்றிக்கு உரியவர்கள் நீங்கள் மட்டும் இல்லை. வேலிக்கு வெளியே நின்று விமானத்தின் எண்ணைக் குறித்துப் படம் எடுக்கிறவர்கள், பழைய பராமரிப்புக் கையேடுகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து போட்டவர்கள், டகோட்டா கிளம்புவதை வெட்டாமல் ஒட்டாமல் முழுசாகப் பதிவு செய்தவர்கள், எல்லாரும் உங்கள் ஜாதிதான். இங்கிலாந்தில் புதுப்பிக்கப்பட்டு 2018-ல் இந்திய விமானப்படைக்குப் பறந்து வந்த ‘பரசுராமா’ என்ற டகோட்டாவின் காணொளியை அவருக்குப் போட்டோம். அதிலிருந்து டகோட்டாக்கள் ஸ்டார்ட் ஆகும் காணொளியாகத் தேடிப் பார்க்க ஆரம்பித்தார், பார்க்க என்பதைவிடக் கேட்க. சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த இன்ஜினில் விமானம் நிற்கும்போது எண்ணெய் வடிந்து அடி சிலிண்டர்களில் தேங்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் ராடு வளைந்துவிடும். ஆகவே முதலில் புரொபெல்லரைக் கையால் சுற்றிவிட வேண்டும். சில காணொளிகளில் அந்தப் பகுதி இருப்பதில்லை. “சுத்தினானா? சுத்தினதைக் காட்டலையே” என்று கோபம் வரும். கிளம்பும்போது வெண்புகை கக்குமே, அதைப் பார்த்து என் மகன் பயந்தபோது, தேங்கின எண்ணெய் எரிகிறது, ஒன்றும் ஆகாது என்று சமாதானம் செய்தார். பிறகு பாடம் ஆரம்பமானது. ஒரு இன்ஜினில் 14 சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு பிளக், இரண்டு இன்ஜின், ஆக மொத்தம் எத்தனை பிளக்? மகன் கணினிப் பொறியாளன், ஃபோனை எடுத்தான். “56” என்றார் மாமா, அவன் திறப்பதற்குள்.

எதிர்வீட்டு ஆச்சிக்கு 91 வயது, காரைக்குடிப் பக்கம். இன்ஜின், பிளக் எதுவும் அவருக்கு ஆகாது. மாமா பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், யுத்த காலத்தில் செட்டிநாட்டில் விமானம் இறங்குகிற இடம் இருந்தது, தட்டட்டியில் ஏறி நின்று பார்ப்போம், பெரியவர்கள் உள்ளே விரட்டுவார்கள் என்றார். உண்மைதான். இரண்டாம் உலகப்போரின்போது தமிழ்நாட்டில் சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு என்று பல இடங்களில் விமானத்தளங்கள் போட்டார்கள். போர் முடிந்ததும் பல அப்படியே கிடந்துவிட்டன. செயற்கைக்கோள் படத்தைத் திறந்தோம். ஆச்சி எடுத்த எடுப்பில் ஓடுபாதையைத் தேடவில்லை. அவருடைய ஊருணியைத் தேடினார். அது அகப்பட்டதும் அங்கிருந்து ரோட்டைப் பிடித்து, விரலை நகர்த்தி, புதருக்கும் பொட்டலுக்கும் நடுவே நீளமாகக் கிடந்த கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். “இதேதான். எங்க ஐயா பொய்யாச் சொன்னாக, அது வெறும் ரோடுன்னு.” எண்பது வருடத்து வழக்கு ஒன்று அன்று தீர்ந்தது.

முதியவர்களுக்கு டேப்லெட் என்றதும் ஊரில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பக்திப் பாடல், வெளிநாட்டுப் பிள்ளைகளுடன் வீடியோ கால், மூளைக்குப் பயிற்சி என்று பழங்களை ஜோடி சேர்க்கும் விளையாட்டு. முதல் இரண்டும் சரிதான். மூன்றாவதை மாமா சிறிது நேரம் ஆடிவிட்டு, “இதனால யாருக்கு என்ன?” என்று தள்ளி வைத்தார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. தொண்ணூறைத் தாண்டியவரிடம் மருந்து சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்க வீடு நிறைய ஆள் இருக்கிறது. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காக அவரிடம் கேட்கிறவர்கள்தான் இல்லாமல் போகிறார்கள். உங்கள் வரைபடம் எங்களைக் கேட்க வைத்துவிட்டது. பெட்ரோல் வாசனை பிடிக்குமா, ஏன் டகோட்டா வாலை ஊன்றி நிற்கிறது, நாக்பூரில் அந்த நேரத்தில் டீ கிடைக்குமா? எனக்குத் திருமணமாகி இத்தனை வருடத்தில் நான் அவரிடம் இவ்வளவு பேசியதில்லை.

மாமா சொல்லச் சொல்ல இரண்டு விஷயங்களை எழுதிக்கொண்டேன். ஒன்று, 1960-களில் மீனம்பாக்கத்தில் எடுத்தது என்று போட்டு ஒரு டகோட்டா படம் இணையத்தில் உலவுகிறது. அது மீனம்பாக்கம் இல்லையாம். மீனம்பாக்கத்தில் எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் ஏதாவது ஒரு மலை படத்துக்குள் வந்துவிடுமாம். யார் போட்டிருந்தாலும் குறிப்பைத் திருத்தவும். நாக்பூர் சோனேகாவ் விமான நிலையத்தில் நான்கு தபால் விமானங்களும் ஒன்றாக நிற்கும் இரவுப் படம் யாரிடமாவது இருந்தால், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, ஏற்றிவிடுங்கள். பெரிதாக்கிப் பார்த்துக்கொள்கிறோம்.

இரண்டாவது, மழைக்காலம் நெருங்குகிறது. மாடியில் ஏரியல் வைத்திருப்பவர்கள் எல்லாரும் எர்த் போட்டிருக்கிறார்களா, ஒயர் துருப்பிடித்திருக்கிறதா என்று ஏறிப் பார்க்கச் சொன்னார். வெறுங்கையோடு போக வேண்டாம், டெஸ்டர் எடுத்துப் போகவும்.


நங்கநல்லூரிலிருந்து ஒரு மருமகள்