நாடாப் பெட்டியில் 87 துணைநிரல்கள்

1949 மே 6, கேம்பிரிட்ஜ்

பல்கலைக்கழகக் கணித ஆய்வுக்கூடத்தில் எட்சாக் கணினி இன்று முதல்முறையாக ஒரு நிரலை ஓட்டி முடித்திருக்கிறது. 0 முதல் 99 வரையுள்ள எண்களின் வர்க்கங்களைத் தானே அச்சடித்துக் கொடுத்தது. அதைக் கட்டிய மாரிஸ் வில்க்ஸ் குழுவுக்கு இது பெரிய நாள். ஆனாலும் நினைவகத்தில் இருப்பது 512 இடங்கள்தான். கட்டளைகளும் எண்களும் அதற்குள்ளேயே இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். கூட்ட, கழிக்க, பெருக்க இயந்திரத்துக்குத் தெரியும். வகுக்கத் தெரியாது. வகுத்தல் வேண்டுமென்றால் அதற்கும் நிரல் எழுதுபவரே வழி செய்துகொள்ள வேண்டும்.

1949 ஜூன்

வில்க்ஸ் ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்க 126 வரிகளில் நிரல் எழுதினார். அதில் சுமார் 20 பிழைகள். கணினி அறைக்கும், நிரலைக் காகித நாடாவில் துளையிடும் அறைக்கும் இடையே படியேறி இறங்கிக்கொண்டிருந்தபோதுதான், மிச்சமுள்ள வாழ்நாளில் நல்லதொரு பங்கு தன் நிரல்களில் பிழை தேடுவதிலேயே போகப்போகிறது என்று அவருக்கு உறைத்தது. பின்னாளில் இதை அவரே நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். கணினியைக் கட்டியவருக்கே இந்தப் பாடு என்றால், புதிதாகக் கற்க வருபவர் என்ன செய்வார்? ஒருமுறை எழுதிச் சோதித்துப் பிழை களைந்த பகுதியை எல்லோரும் எடுத்தாள வழி செய்தாக வேண்டும்.

1949 செப்டம்பர்

வழி செய்தவர் டேவிட் வீலர். ஆராய்ச்சி மாணவர், வயது 22.

அவர் முன் இரண்டு சிக்கல்கள் இருந்தன. முதலாவது, இப்படி எடுத்தாளும் பகுதி, அதாவது துணைநிரல், நினைவகத்தில் எங்கே போய் உட்காரும் என்று அதை எழுதும்போது தெரியாது. அதனால் துணைநிரலுக்குள் வரும் முகவரிகளை அதன் தொடக்கத்திலிருந்தே எண்ணி எழுதச் சொன்னார். நாடாவைப் படிக்கும்போது தொடக்க முகவரியைக் கூட்டிச் சரிசெய்யும் பொறுப்பை, கணினியைத் தொடங்கிவைக்கும் கட்டளைத் தொகுதியிடம் ஒப்படைத்தார். இந்தத் தொகுதி மொத்தமே சில டஜன் கட்டளைகள். அதற்குள் இவ்வளவு வேலையை அடக்கியது இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

இரண்டாவது சிக்கல், திரும்பும் வழி. துணைநிரலை நிரலின் எந்த இடத்திலிருந்தும் அழைக்கலாம். வேலை முடிந்ததும் அழைத்த இடத்துக்கே திரும்ப வேண்டும். அந்த இடத்தைக் குறித்துவைக்க எட்சாக்கில் தனி வசதி கிடையாது. ஆனால் அதன் நினைவகத்தில் கட்டளையும் ஓர் எண்தான். வீலர் அதைப் பிடித்துக்கொண்டார். அழைக்கும் நிரல், தான் நிற்கும் இடத்தின் முகவரி அடங்கிய கட்டளையையே, கூட்டலின் விடை நிற்கும் கூட்டுப் பதிவகத்தில் போட்டுவிட்டுத் தாவும். துணைநிரல் முதல் காரியமாக அதனுடன் ஒரு மாறிலியைக் கூட்டும். கூட்டியதும் அது ‘அங்கே திரும்பிப் போ’ என்ற கட்டளையாகிவிடும். அதைத் தன் கடைசி வரியில் எழுதிவைத்த பிறகே சொந்த வேலையைத் தொடங்கும். இதற்கு ‘வீலர் தாவல்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

1950 செப்டம்பர்

நிரலெழுதக் கற்றுத்தரும் கோடை வகுப்பு முதல்முறையாக நடக்கிறது. துணைநிரல்களைத் திரட்டி வைத்த நூலகத்தைப் பற்றிய அறிக்கையும் தயார்.

1951 செப்டம்பர்

இந்த ஆண்டு வகுப்புக்கு ஹாலந்திலிருந்து 21 வயது இயற்பியல் மாணவர் ஒருவர் வந்திருக்கிறார்: எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா. மூன்று வாரப் படிப்பு. அறிக்கையும் இந்த ஆண்டு வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூவர் பெயரில் நூலாக வந்துவிட்டது. அதன்படி நூலகத்தில் இப்போது 87 துணைநிரல்கள். வகுத்தலுக்கு டி, மூலம் காண எஸ், முக்கோணவியலுக்கு டீ, அச்சடிக்கப் பி என ஆங்கில எழுத்துவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு காகித நாடாச் சுருள். எல்லாம் எஃகுப் பெட்டியில் அடுக்கியிருக்கும். வேண்டியதை எடுத்துத் தன் நாடாவில் இயந்திரத்தால் படியெடுத்துக்கொண்டு, சுருளைப் பழைய இடத்தில் வைத்துவிட வேண்டும். கையால் மறுபடி துளையிடுவதில்லை. அதனால் அந்த வழியாகப் புதுப் பிழை நுழைவதும் இல்லை.

புதியவருக்கு நாடாவைவிட உதவியாக இருப்பது துணைநிரல்களின் விவரப் பட்டியல் என்றே சொல்ல வேண்டும். துணைநிரல் எத்தனை இடம் பிடிக்கும், எவ்வளவு நேரம் எடுக்கும், எண்ணை எங்கே வைத்துவிட்டு அழைப்பது, விடை எங்கே வந்து நிற்கும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. உள்ளே கணக்கு எப்படி நடக்கிறது என்று தெரியாமலே வர்க்கமூலம் கண்டுவிடலாம். சொந்த நிரல் தடம் மாறினால், ஓடும் கட்டளைகளை ஒவ்வொன்றாக அச்சடித்துக் காட்டும் சோதனைத் துணைநிரலும் உண்டு. அது கில்லின் கைவேலை.

1952 மே, பிட்ஸ்பர்க்

அமெரிக்கக் கணிப்பொறியாளர் கூட்டத்துக்கு வீலர் இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை தந்திருக்கிறார். தாவலைப் பற்றிப் பெருமை பேச அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. அவரோ விளக்கக்குறிப்பு எழுதுவதைப் பற்றிப் பேசுகிறார்: துணைநிரலை எழுதிச் சோதித்து முடித்த பிறகும், உள்ளே பார்த்திராத ஒருவர் சிரமமில்லாமல் பயன்படுத்தும்படி விளக்கம் எழுதும் வேலை பாக்கியிருக்கிறது; எல்லாவற்றிலும் கடினமானது அதுவாகவே இருக்கலாம் என்கிறார். இன்று பைத்தான் நிரல்மொழியில் ஒரே வரியில் நூலகத்தை அழைக்கும் மாணவர், அது ஓடாமல் நின்றதும் முதலில் தேடிப் போவது அப்படிப்பட்ட விளக்கக்குறிப்பைத்தான்.