எந்த ஊரு?

தாய்லாந்துப் படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்த அன்றே முதல் கேள்வி வந்துவிட்டது: "தோழர், யார் காசு?" அடுத்தது: "அங்கயும் போராட்டமா, இல்ல வேற மாதிரியா?" கணக்குக் கேட்டவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறோம். ஐந்து பேர், ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய், இரண்டு வருடச் சீட்டு. கருத்தரங்கு இல்லை, பயிற்சி முகாம் இல்லை. ஊர் சுற்றத்தான் போனோம். குடிக்க, ஆட, விடிய விடியத் தெருவில் நிற்கத்தான் போனோம்.

நம்மைப் பிடித்தவர்களுக்குக்கூட, திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நாம் நிற்கும் படம்தான் பிடிக்கிறது. கையில் பியரோடு சிரிக்கும் படம் பிடிப்பதில்லை. அதைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. பேச வேண்டியது வேறு.

எங்கள் ஐந்து பேருடைய வீட்டிலும் நாங்கள்தான் முதல் பாஸ்போர்ட். எங்களில் ஒருவரின் வீட்டுக்குப் போலீஸ் விசாரணைக்கு வந்தபோது காலனியே கூடிவிட்டது. "என்ன கேஸு?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். பாஸ்போர்ட்டுக்கு என்று சொன்னதும் ஒரு ஆயா, "அப்ப கேஸு இல்லியா?" என்று இரண்டாம் முறை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் வீட்டுக்குப் போனார்.

2024 டிசம்பரில் போனோம். அந்த ஆண்டு ஜூலையிலிருந்து இந்தியர்களுக்கு 60 நாள் விசா தேவையில்லை என்று தாய்லாந்து அறிவித்திருந்தது. அந்த ஓராண்டில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்கே போயிருக்கிறார்கள். நாங்கள் தங்கியது பாங்காக்கின் காவோ சான் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில். ஒரே அறையில் பன்னிரண்டு அடுக்குக் கட்டில்கள், யாரோ ஒருவரின் ஈரத்துண்டு எப்போதும் நம் முகத்துக்கு மேலே. காவோ சான் என்றால் தீட்டிய அரிசி. ஒரு காலத்தில் அரிசி வியாபாரம் நடந்த தெரு. 1980களின் தொடக்கத்தில் சில வீடுகள் மலிவு விடுதிகளாக மாற, முதுகுப்பைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். மொத்த நீளமே 400 மீட்டர்தான். அதை நடந்து முடிக்க எங்களுக்கு ஒவ்வொரு இரவும் மூன்று மணி நேரம் ஆனது.

எம்.ஏ. படிக்கும்போது எரிக் கோஹன் என்ற சமூகவியலாளரின் 1972 கட்டுரையைப் படித்திருந்தோம். சுற்றுலாப் பயணிகளை நான்கு வகையாகப் பிரிப்பார். அதில் கடைசி வகை, திட்டமில்லாமல் அலைகிறவர். தேர்வுக்கு மனப்பாடம் செய்தபோது அது வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பற்றியது என்று நினைத்திருந்தோம். அரைக்கால் சட்டையோடு அந்த வகைக்குள் நாமே போய் உட்காருவோம் என்று நினைக்கவில்லை.

முதல் நாள் மதியம் இரண்டரை மணிக்குக் கடையில் பியர் எடுத்தால் பில் போடும் பெண் தலையாட்டி வாங்கி வைத்துவிட்டார். இரண்டு முதல் ஐந்து மணி வரை கடைகளில் மது விற்கக் கூடாது என்பது அப்போதைய விதியாம். டாஸ்மாக் பன்னிரண்டு மணிக்குத் திறக்கும் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. இரவில் அதற்கு வட்டி போட்டு வசூலித்தோம். கடற்கரையில் குழந்தைகள் மணல் அள்ளும் சின்ன பிளாஸ்டிக் வாளி இருக்கிறதல்லவா, அதில் ரம், கோக், அந்த ஊர் ரெட் புல் எல்லாம் ஊற்றி ஐந்து ஸ்ட்ரா போட்டுக் கொடுக்கிறார்கள். ஒரே வாளியில் ஐந்து பேர் குடித்தோம். பக்கத்திலிருந்த அர்ஜென்டினாக்காரர் ஆறாவது ஸ்ட்ராவைக் கேட்காமலேயே போட்டுக்கொண்டார். ஒரே பாத்திரத்தில், எச்சில் பார்க்காமல். இரட்டைக் குவளை பற்றிக் கள ஆய்வு செய்து அறிக்கை எழுதியவர்கள் எங்களில் இரண்டு பேர். அந்த வாளியை அவர்கள் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாட்டுக்கறி நூடுல்ஸ் தெருவிலேயே தின்றோம். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தேளைக் குச்சியில் குத்தி விற்பவர், படம் எடுத்தால் பத்து பாத் என்று பலகை வைத்திருந்தார். படம் மட்டும் எடுத்தோம்.

அந்தத் தெருவில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எந்த ஊர்? ஒரே இரவில் இருபது பேராவது கேட்டிருப்பார்கள். இந்தியா என்றால் "ஓ!" அவ்வளவுதான், அடுத்த பாட்டு. வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது வயிறு ஒருமுறை இறுகும் நமக்கு. அங்கே இருபதாவது முறை சொல்லும்போது இறுகவில்லை என்பதைக் கவனித்தோம்.

இரண்டாம் நாள் விடுதி மாடியில் ஒரு தமிழர். ஐம்பது வயதிருக்கும், சிங்கப்பூரில் வேலை. தமிழ்க் குரல் கேட்டு அவராகவே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார், வறுத்த கடலை வாங்கிக் கொடுத்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"விழுப்புரம் பக்கம் சார்."

"பக்கம்னா?"

ஊர்ப் பெயரைச் சொன்னான்.

"அட, நமக்குத் தெரிஞ்ச ஊருதான். ஊருக்குள்ளயா, இல்ல..."

"காலனி சார்."

"நல்லது, நல்லது," என்றார். கொஞ்ச நேரம் பாங்காக் வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு போன் வந்ததுபோல எழுந்து போனார். போன் வந்திருக்கவும் கூடும். அவர் கெட்டவர் என்று நாங்கள் சொல்லவில்லை. கடலை நன்றாகவே இருந்தது.

இதை வைத்துக்கொண்டு நாங்கள் பெரிய நியாயவான்களாகிவிடக் கூடாது. மூன்றாம் நாள் நடந்ததையும் எழுதத்தான் வேண்டும்.

காவோ சானில் வெள்ளிக்காசும் மணியும் கோத்த தலையணி அணிந்த பெண்கள் மரத்தவளை விற்றுக்கொண்டு மேசை மேசையாக வருவார்கள். தவளையின் முதுகில் குச்சியால் தேய்த்தால் கரகரவென்று கத்தும். வடக்கே மலையில் வாழும் அக்கா பழங்குடியினர். ஒருவர் எங்களிடம் நூறு பாத் சொன்னார். எங்களில் ஒருவன் நாற்பதில் தொடங்கினான். மற்றவர்கள் கைதட்டினோம், ஒருத்தி வீடியோ எடுத்தாள். அறுபதுக்கு முடிந்தது. நம் காசில் நூறு ரூபாய் குறைத்திருக்கிறோம். குறைந்தபட்சக் கூலி பற்றி வகுப்பெடுக்கிற கூட்டம் இது.

அவர் காசை மடித்து வைக்கும்போது, போனில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு நாங்களும் அதே கேள்வியைக் கேட்டோம். எந்த ஊர்? சியாங் ராய் என்றார். அம்மா அங்கேதானா, உங்களைப் பார்க்க வருவாரா? அம்மாவிடம் குடியுரிமை அட்டை இல்லை, மாகாணத்தைத் தாண்டி வர ஒவ்வொரு முறையும் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று திரையில் வந்தது. அந்த மண்ணிலேயே பிறந்தவராம். அவருடைய பக்கத்து ஊருக்கும் எங்களுடைய பாங்காக்குக்கும் நடுவே ஒரு காகிதம்.

2018இல் தாம் லுவாங் குகையில் சிக்கிய பன்னிரண்டு சிறுவர்களை நினைவிருக்கும். உலகமே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. அவர்களில் மூன்று பேருக்கும் பயிற்சியாளருக்கும் எந்த நாட்டுக் குடியுரிமையும் கிடையாது. மீட்கப்பட்ட பிறகு ஆகஸ்டில்தான் கொடுத்தார்கள். நாங்கள் போவதற்கு இரண்டு மாதம் முன்புதான், இப்படி நாடற்றவர்களாகப் பதிவானவர்களில் ஏறத்தாழ 4.8 லட்சம் பேருக்கு வழியை எளிதாக்க அந்நாட்டு அமைச்சரவை முடிவெடுத்திருந்தது. இதெல்லாம் விடுதிக்கு வந்து தேடிப் படித்தது. தவளைக்குப் பேரம் பேசும்போது தெரியாது.

அன்று இரவு சண்டை. "வீடியோவை அழி" என்றாள் ஒருத்தி. "நீயும்தானே கைதட்டுன" என்றான் பேரம் பேசியவன். இரண்டுமே உண்மை. கோபத்தில் ஆளுக்கொரு திசையில் நடந்து, வழி தவறி, மூன்று மணிக்கு ராஜதம்னோன் பெரிய சாலையில் ஒருவரையொருவர் கண்டுபிடித்தோம். அங்கே ஒரு நினைவுச் சின்னம். 1973 அக்டோபர் 14 அன்று ராணுவ ஆட்சிக்கு எதிராக எழுந்த மாணவர்களுக்கானது. எழுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், ஆட்சி விழுந்தது. நாங்கள் ஆடிய தெருவிலிருந்து சில நிமிட நடைதான். மூன்று இரவுகளாகத் தெரியாமல் இருந்திருக்கிறோம்.

அதன் படிக்கட்டில் உட்கார்ந்தோம். எங்களில் மூன்று பேர் பெண்கள். மூன்று மணிக்கு வெட்டவெளியில், செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, யாருக்கும் போன் செய்து சொல்லாமல் உட்கார்ந்திருந்தது வாழ்க்கையில் முதல் முறை என்றார்கள். ஒருத்தி அங்கேயே தூங்கிவிட்டாள். எழுப்ப மனமில்லாமல் அரைமணி நேரம் கொசுக்கடி வாங்கினோம். வீடியோ அழிக்கப்பட்டதா என்றால், ஆம்.

கடைசி இரவு அவரைத் தேடிப் போனோம். மீதி நாற்பது பாத்தைக் கொடுத்துவிடலாம் என்று ஒருவன், அது பிச்சை போடுவதுபோல இருக்கும், இன்னொரு தவளை வாங்குவோம் என்று இன்னொருத்தி. தெருக்கோடியில் ஒரு மேசையருகே நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் நேராக வந்தார். ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. தவளையை எடுத்துக் கரகரவென்று தேய்த்துவிட்டு, "நூற்றைம்பது" என்றார். எங்களை அவருக்கு நினைவே இல்லை. நூற்றைம்பது கொடுத்து வாங்கினோம்.