சொல்லால் எழுதும் பொறி

கண்ணாற் கண்டதும் பொய்யாகலாம் என்பர் பெரியோர். அதன் உண்மையை யான் என் கைவேலை ஒன்றினாலேயே உணர நேர்ந்தது.

விசைப்பலகையை இடைவிடாது தட்டியதனால் என் மணிக்கட்டில் நோவு கண்டது. வாயினாற் சொல்லியே கணினிக்கு நிரல் எழுதுதல் கூடுமோ என்னும் எண்ணம் அப்பொழுது உதித்தது. மெய்யான கருவியை இயற்றக் காலமும் ஆற்றலும் போதாமையின், அதன் தோற்றத்தை மட்டும் பவர்பாயிண்ட்டில் அமைத்து வகுப்பிற் காட்டத் துணிந்தேன்.

செய்முறை எளிதே. வெறுந்திரை ஒன்று வரைந்து, நிரலின் ஒவ்வொரு வரியையும் தனித்தனிப் பெட்டியில் இட்டேன். ‘வைப்’ என்னும் அசைவை இடப்புறத்தினின்று தொடங்குமாறு அமைத்தால், எழுத்துக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படுவனபோல வெளிப்படும். பொறி சிந்திப்பதுபோலத் தோன்ற அரை நொடித் தாமதமும் கொடுத்தேன். யான் ஒரு கட்டளையைச் சொல்லுவேன், கையில் மறைத்த சிறு பொத்தானை விரல் அழுத்தும், வரி தோன்றும். கை ஓயவேண்டுமென்று தொடங்கிய வேலையில், கையே மறைந்துநின்று உழைத்தது!

இது புதிய தந்திரமன்று. ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர் மூவர் 1983-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், பேச்சைக் கேட்டெழுதும் பொறியாகக் காட்டப்பட்டதன் மறைவில் தட்டச்சாளர் ஒருவரே இருந்தார். பொறியைச் செய்யுமுன் அதன் பயனை அறிதலே அவர்தம் நோக்கம்.

காட்சி முடிந்ததும் கரவொலி எழுந்தது. அப்பொழுது, விபத்தொன்றில் வலக்கையை இழந்த இளைய மாணவர் ஒருவர் அருகில் வந்து, “அண்ணா, நானும் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாமா?” என்றார். என் நா எழவில்லை. “தம்பி, இது வெறும் படம்” என்று சொல்லும்போது யான் அடைந்த நாணம் சிறிதன்று.

அவர் சினந்தாரில்லை. சற்றே மௌனமாயிருந்து, “சொன்னதைத் தவறாகக் கேட்டுவிட்டால் என்ன செய்யும்?” என்று வினவினார். என் படத்திற் பிழையென்பதே இல்லை! பைத்தான் மொழியின் ‘ஃபார்’ என்னும் கட்டளையும், நான்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் செவிக்கு ஏறக்குறைய ஒன்றே. அடைப்புக்குறிக்கும் காற்புள்ளிக்குங்கூடத் தனித்தனியே வாய் திறத்தல் வேண்டும். கையின் உதவி இல்லாதார்க்கு வேண்டுவது பிழையற்ற காட்சியன்று. பிழை நேர்ந்தவிடத்து அதனை வாயினாலேயே திருத்தும் வழியாம்.

அன்று மாலையே அவர் சொல்ல யான் வரைந்தேன். பொறி தவறாகக் கேட்பதும், அத்தவற்றைச் சொல்லாலே திருத்துவதும் புதிய பக்கங்களாயின. முதற் பக்கத்தில், “இது மாதிரி, இன்னும் கருவியன்று” என்று பெரிய எழுத்தில் இட்டோம்.

மாதிரி காட்டுதல் குற்றமன்று. அதனை மெய்யென நம்பவிடுதலே குற்றம்.