கிதாரும் கேள்விப்பட்டவைகளும்

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் இரண்டு பாட்டுக்குக் கிதார் வாசித்ததன் பலன், இந்த விடுதியில் நான் ஒரு வைத்தியனாகி விட்டேன். சாப்பாட்டுக் கூடத்து வரிசையில் நிற்கும்போது யாராவது ஒருவர் இடது கையை நீட்டி, "இந்த விரலுக்குக் கிதார் வருமா, பாருங்கள்" என்கிறார். கைரேகை ஜோசியரிடம்கூட நம்மவர்கள் இவ்வளவு நம்பிக்கையோடு கையை நீட்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், இவர்கள் கேள்வியோடு வருவதில்லை, முடிவோடு வருகிறார்கள். தமக்கு வராது என்று எங்கோ தீர்ப்பு எழுதி வாங்கிக்கொண்டு, அதன் அடியில் என் கையெழுத்தை மட்டும் கேட்கிறார்கள். அந்தத் தீர்ப்புகளைப் பற்றியே இங்கே சில வார்த்தைகள்.

விரலை முதலில் முடித்து விடுவோம். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்று ஒரு ஜிப்ஸி வாத்தியக்காரர் பிரான்ஸில் இருந்தார். 1928-ஆம் ஆண்டு அவர் குடியிருந்த வண்டி வீடு தீப்பற்றிக்கொண்டதில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கிப் போயின. எஞ்சிய இரண்டு விரல்களைக்கொண்டே தனி ஆவர்த்தனங்கள் வாசித்து ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றார். ஐந்து விரலும் செம்மையாக உள்ளவர்கள் நீளம் அரை அங்குலம் போதவில்லை என்று குறைப்படுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. கை மிகவும் சிறியதென்றால் முக்கால் அளவுக் கிதார் கடையில் கிடைக்கிறது. அத்தோடு அந்த வழக்கு தீர்ந்தது.

அடுத்தது வயது. ஐந்து வயதில் தொடங்கினால்தான் உண்டு, இருபதைத் தாண்டினால் விரல் வளையாது என்பார்கள். முன்பெல்லாம் இதற்கு நான் இளையராஜாவைச் சாட்சிக்கு அழைப்பேன். பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்டு, அண்ணனின் கச்சேரிக் குழுவோடு ஊர் ஊராக அலைந்த பிறகே அவர் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை பயின்றார். 1976-இல் 'அன்னக்கிளி' வெளிவந்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ஆனால், "அவர் மேதை அல்லவா!" என்ற ஒரே சொல்லில் எதிர்க்கட்சியார் தப்பித்துக்கொள்கிறார்கள். மேதைகளை உதாரணம் காட்டுவதில் உள்ள தொல்லை இது. ஆகையால் இப்போது வேறொருவரைக் காட்டுகிறேன். எனக்குக் கற்றுக்கொடுத்த ஆங்கிலோ இந்தியப் பெரியவர் வீட்டுக்கு, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்துகொண்டிருந்தார். அறுபதாம் வயதில் ஆரம்பித்தவர். மேதை என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள். மூன்றாம் ஆண்டில் பேத்தியின் பிறந்த நாளுக்கு, வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து பாடும்படி அவர் வாசித்தார்.

இனி, கிதார் மிகச் சுலபம் என்று சொல்கிற கட்சி. "முப்பதே நாளில்" என்ற விளம்பரத்துக்கு அழிவே கிடையாது. அன்று புத்தகமாக வந்தது, இன்று கைப்பேசியில் வருகிறது. இதில் பாதி உண்மை உண்டு என்பதுதான் ஆபத்து. பிடிலில் காது கூசாத ஓர் ஒலியை எழுப்பவே மாதங்கள் ஆகும். கிதாரிலோ ஒரு வாரத்தில் மூன்று கார்டுகள், அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகள், பழகி விடலாம். ஒரு பாட்டை முக்கி முனகி ஓட்டி விடலாம். மாணவர் மனம் வானத்தில் பறக்கும். இரண்டாம் மாதம் 'எஃப்' என்ற கூட்டு வரும். ஆள்காட்டி விரலை முதல் மெட்டில் குறுக்கே கிடத்தி ஆறு தந்திகளையும் ஒருசேர அழுத்த வேண்டும். அழுத்தினால் தந்தி பாடாது. தகரத்தில் கல் விழுந்த மாதிரி ஒரு சப்தம் எழும். விடுதிக் கட்டில்களுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும் கிதார்களில் பாதிக்கு மேல் இந்த எஃப் மதிலில் மோதி விழுந்தவை என்பது என் கணிப்பு.

நம் சங்கத்துத் தம்பி ஒருவரும் அங்கேதான் விழுந்தார். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து எம். எஸ்ஸி. படிக்க வந்தவர். உதவித் தொகையில் மிச்சம் பிடித்துப் புதுக் கிதார் ஒன்று வாங்கினார். ஆறு வாரம் கழித்து ஒரு நாள் அதை உறையோடு என் அறைக்குக் கொண்டு வந்து, "யாராவது வாங்குவார்களா, அண்ணே?" என்றார்.

"ஏன் தம்பி?"

"சங்கீதம் எல்லாம் வீட்டிலிருந்து வர வேண்டும், அண்ணே. எங்கள் வீட்டில் யார் பாடினார்கள்?"

"அம்மா பாட மாட்டார்களா?"

"நடவுக்குப் போகும்போது பாடுவார்கள். அது பாட்டா, அண்ணே? அது வேலை."

இதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்கு உடனே தோன்றவில்லை. விரலும் வயதும் சிரித்துத் தள்ளக்கூடிய வழக்குகள். இது அப்படியல்ல. சங்கீதம் சில வீடுகளுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் என்ற எண்ணத்தை அந்தத் தம்பி கிதார்க் கடையில் வாங்கவில்லை. பிறந்ததிலிருந்து சுமந்து வந்திருக்கிறார். எஃப் வராததும் அந்தப் பழைய தீர்ப்பு உறுதியாகி விட்டது.

வாதம் செய்யாமல் கிதாரை உறையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டாவது மெட்டுக்கும் தந்திக்கும் இடைவெளி ஐந்து மில்லி மீட்டருக்குக் குறையாது. எஃகுத் தந்திக் கிதாரில் அந்த இடத்தில் இரண்டரை மில்லி மீட்டர் போதும். இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு தந்தியை மூன்றாம் மெட்டை ஒட்டி அழுத்திக்கொண்டு, முதல் மெட்டுக்கு மேலே பார்க்க வேண்டும். ஒரு காகிதம் நுழையும் இடைவெளிதான் இருக்கலாம். தம்பியின் கிதாரில் ஒரு தபால் உறையே நுழைந்திருக்கும். கழுத்தின் தலைப்பில் தந்தி ஏறி அமரும் துண்டில் பள்ளங்கள் ஆழமாக அறுக்கப்படவில்லை; கீழே குதிரையும் உயரம். அந்த வாத்தியத்தில் இருபது வருஷம் வாசித்தவரும் எஃப் பிடிக்கத் திணறியிருப்பார். எல்லா மெட்டுகளிலும் முதல் மெட்டுதான் கடினம் என்பதும், அதே பிடியை ஐந்தாம் மெட்டில் பிடித்தால் பாதிப் பலம் போதும் என்பதும் தம்பிக்கு யாரும் சொல்லவில்லை.

கொல்கத்தாவில் இருக்கிறவர்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. லால்பஜாரை ஒட்டி ரவீந்திர சரணியில் வரிசையாக வாத்தியக் கடைகள் இருக்கின்றன. பஸ் ஏறிப் போனோம். மூக்குக் கண்ணாடி அணிந்த முதியவர் ஒருவர் எங்கள் அரைகுறை வங்காளியைப் பொறுமையோடு கேட்டு, மெல்லிய அரத்தால் பள்ளங்களை ராவி, குதிரை மேலிருந்த எலும்புத் துண்டைத் தேய்த்து, அரை மணியில் வேலையை முடித்தார். கூலி எங்கள் இருவரின் மாலைச் சிற்றுண்டிச் செலவுதான். அன்றே எஃப் வந்து விட்டது என்று எழுதினால் அது கதையாகி விடும். மூன்று வாரம் ஆயிற்று. விரல் நுனி காய்த்துப் போகவும் ஏறக்குறைய அவ்வளவு காலம் வேண்டும். அதுவரை வலிக்கத்தான் செய்யும். வலி தகுதியின்மையின் அடையாளம் அல்ல. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வாசித்து விரலைப் புண்ணாக்கிக்கொள்வதைக் காட்டிலும் தினம் கால் மணி நேரம் மேல்.

பிறகு தம்பி, யார் சொல்லியும் அல்ல, தம் தாயாரின் நடவுப் பாட்டை ஒற்றைத் தந்தியில் தேடத் தொடங்கினார். ஒரு ராத்திரி கைப்பேசியில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். நானும் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பக்கம் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அந்த அம்மாள் சொன்னார்: "எய்யா, நாத்து நடுற கை இம்புட்டு வேகமாப் போகாதுய்யா."

கிதாரைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதற்கு இணை கிடையாது. நம் விடுதிகளில் நாற்பது கார்டு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு பாட்டுக்கு முதலிலிருந்து கடைசி வரை காலப்பிரமாணம் தவறாமல் வலக்கையை ஓட்டுகிறவர்கள் அரிது. பார்க்கிறவர் கண்ணெல்லாம் இடக்கை மேல். கற்றுக்கொள்கிறவரும் இடக்கைக்கே மாதக் கணக்காகச் செலவிடுகிறார். கார்டு மாறும்போது வலக்கை நின்று போகும். இடக்கை ஊர் போய்ச் சேர்ந்த பிறகு மறுபடியும் புறப்படும். என் ஆசிரியர் இதற்கு மருந்தாக, தந்திகளை உள்ளங்கையால் மூடிவிட்டுப் பத்து நிமிஷம் வெறும் தாளம் மட்டும் தட்டச் சொல்வார். பிடி தவறினாலும் பரவாயில்லை, கை நிற்கக் கூடாது என்பார். 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் நிலாப் பாட்டை எல்லாரும் ஆசைப்பட்டுப் பழகுகிறார்கள். அதில் வலக்கை செய்கிற வேலையைக் கவனித்துக் கேட்டால் நான் சொல்வது விளங்கும்.

கடைசியாக, நம் சங்கீத ரசிகர்களின் ஆட்சேபம்: மெட்டு வைத்த அந்நிய வாத்தியத்தில் கமகம் எங்கே வரும்? மெட்டுதான் குற்றவாளி என்றால் வீணையையும் கூண்டில் ஏற்ற வேண்டும். அதிலும் ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக இருபத்து நான்கு மெட்டுகள் மெழுகில் பதித்திருக்கின்றன. வைணிகர் மெட்டின் மேலேயே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகத்தை வருவிக்கிறார். கிதாரின் தந்தி அதிக விறைப்பு உடையதாகையால் அவ்வளவு தூரம் இழுபடாது, இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் கலை படித்த பிரசன்னா அந்தத் தந்திகளிலேயே கர்நாடகக் கச்சேரி செய்கிறார். பிரிஜ் பூஷண் காப்ரா கிதாரைக் கிடத்தி வைத்துக்கொண்டு, மெட்டைத் தொடாமலே உலோகக் கட்டையை மேலே வழுக்கி ராகம் வாசித்தார். 1967-இல் வெளியான 'கால் ஆஃப் தி வேலி' இசைத்தட்டில், சந்தூருக்கும் புல்லாங்குழலுக்கும் நடுவே அவர் வாசிப்பைக் கேட்கலாம்.

தம்பி இப்போது நடவுப் பாட்டை மெதுவாகவே வாசிக்கிறார்; இரண்டாம் அடியில் அந்த அம்மாள் ஒரு ஸ்வரத்தை இழைத்துக் கீழிறக்குகிற இடம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. நம் சங்க அறை அலமாரியின் மேலே, யார் விட்டுப் போனதென்று தெரியாத கிதார் ஒன்று இரண்டாம் தந்தி இல்லாமல் கிடக்கிறதல்லவா? அதன் உயரத்தை அளந்து பார்த்தேன், குற்றமில்லை. தந்தி வாங்கி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு காலை மாட்டி விடுவேன். புதுத் தந்தி நீண்டு கொடுத்துச் சுருதி நிற்க இரண்டு மூன்று நாள் ஆகும். புதன்கிழமை முதல், வரிசையில் நின்று என்னிடம் விரலைக் காட்டியவர்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.