டீச்சர் வீட்டு கேட்டுல இருந்த பேரு

போன மாசம் ரெண்டு நாள் லீவு போட்டுட்டு உத்தமபாளையம் போயிருந்தேன். ஆபீஸ்ல ஆணி அதிகம்தான். ஆனா அம்மா போன்ல "டீச்சர் வீட்டை வித்துட்டாங்கடா, இந்த வாரம் காலி பண்றாங்க"ன்னு சொன்னதுக்கப்புறம் பெங்களூர்ல உக்கார முடியல. (கொசுவத்தி சுத்தப் போறேன். பிடிக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம் :))

எங்க தெருவுல எல்லா வீட்டுக்கும் கதவு நம்பர் மட்டும்தான். டீச்சர் வீட்டு கேட்டுல மட்டும் ஒரு மரப்பலகை தொங்கும். அதுல வெள்ளை பெயிண்ட்ல "சீயோன்". ஆறாப்புல கணக்கு டியூஷன் சேர்ந்த முதல் நாளே, அது டீச்சரோட வீட்டுக்காரர் பேருன்னு நெனச்சு "சீயோன் சார் இல்லையா டீச்சர்?"னு கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டவன் நான். டீச்சருக்குச் சொந்த ஊர் நாசரேத். (பைபிள் நாசரேத் இல்லீங்க, தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்.) அப்புறம் காலேஜ்ல மேட்ரிக்ஸ் படம் பார்த்தா, மிச்சம் இருக்கற மனுஷங்க பூமிக்கு அடியில ஒளிஞ்சு வாழற ஊருக்கும் அதே பேரு. எல்லாரும் சண்டைக் காட்சியைப் பார்த்துட்டிருக்க, எனக்கு டீச்சர் வீட்டுத் திண்ணைதான் ஞாபகம் வந்துச்சு.

சனிக்கிழமை சாயங்காலம் நானும் என் டியூஷன் சிநேகிதனும் பாத்திரம் கட்டிக் குடுக்கப் போனோம். அவன் ராவுத்தர் வீட்டுப் பையன். மனசுல பட்டதைக் கேட்டுடுவான். "டீச்சர், நியூஸ்ல சயனிசம் சயனிசம்னு சொல்றாங்களே, அதுல வர்றதும் இந்தப் பேருதானா?"

டீச்சர் ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தாங்க. "ஆமாப்பா, அதே பேருதான்"னு சொல்லிட்டு அண்டாவைத் தொடைக்க ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் யாரும் பேசல. எனக்குத்தான் ஒரு மாதிரியா ஆயிடுச்சு.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம மொபைல்ல படிக்க ஆரம்பிச்சேன். ஒரு பேருக்குள்ள இவ்வளவு இருக்கும்னு நெனைக்கல.

முதல்ல சீயோன்ங்கறது வெறும் கோட்டை. எருசலேம்ல எபூசியர்ங்கற ஜனங்க வெச்சிருந்த கோட்டை. அதைத் தாவீது பிடிச்சு, தாவீதின் நகரம்னு பேரு வெச்சதா பைபிள் சொல்லுது. பேரோட மூலத்துக்கு அறிஞர்கள் ஆளுக்கொண்ணு சொல்றாங்க. சிலர் கோட்டைங்கறாங்க, சிலர் வறண்ட நிலம்ங்கறாங்க. அப்புறம் சாலொமோன் வடக்குப் பக்கம் மேட்டுல ஆலயம் கட்டினதும் பேரும் கூடவே மேல ஏறிடுச்சு. அதுக்கப்புறம் ஊர் முழுக்கவே சீயோன். கடைசியில ஊர்ல வாழற ஜனங்களே சீயோன். தீர்க்கதரிசிகள் "சீயோன் குமாரத்தி"ன்னு ஒரு பொண்ணாவே கூப்பிடறாங்க.

கி.மு. 586 வாக்குல பாபிலோன்காரங்க ஊரை இடிச்சு ஜனங்களைக் கொண்டு போனப்ப, ஆத்தங்கரையில உக்காந்து சீயோனை நெனச்சு அழுததா ஒரு சங்கீதம் இருக்கு. 1978-ல போனி எம் பாடி உலகமே ஆடின அந்த பாபிலோன் ஆத்துப் பாட்டு இந்த அழுகைதான். கல்யாண வீட்டு ஸ்பீக்கர்ல கேட்டு நாமளும் ஆடியிருக்கோம்!

கிறிஸ்தவர்களுக்கு அது இன்னும் ஒரு படி மேல போயிடுச்சு. எபிரெயருக்கு எழுதின நிருபத்துலயும் வெளிப்படுத்தலிலயும் வர்ற சீயோன் மலை, ஜெயிச்சுப் பிடிக்கற கோட்டை இல்ல. பரலோக எருசலேம், கடைசியா போய்ச் சேர வேண்டிய ஊரு. தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் இந்தப் பேரு எப்பவோ வந்துடுச்சு. தரங்கம்பாடியில டேனிஷ்காரங்க கட்டின சீயோன் தேவாலயம் 1701-ஐச் சேர்ந்தது. சீகன்பால்கு கப்பல்ல வந்து இறங்கறதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி.

யூதர்கள் பஸ்கா விருந்தை முடிக்கறப்ப "அடுத்த வருஷம் எருசலேம்ல"ன்னு சொல்லித்தான் முடிப்பாங்க. ஐரோப்பாவுல அடி வாங்கியே வாழ்ந்தவங்களோட அந்த ஏக்கத்துலேர்ந்துதான் 1890-ல நாதன் பிர்ன்பாம் "சயனிசம்"ங்கற சொல்லை எடுத்தார். 1897-ல பாசல் நகர்ல தியோடர் ஹெர்சல் முதல் மாநாடு கூட்டினார். 1948-ல இஸ்ரேல் உருவாச்சு. அந்தப் போர்ல 7 லட்சத்துக்கும் மேலான பாலஸ்தீன மக்கள் வீடு வாசலை இழந்தாங்க. ஒருத்தருக்கு வீடு திரும்பற பேரு, இன்னொருத்தருக்கு வீடு போன பேரு. என் சிநேகிதன் கேட்டதுல தப்பே இல்ல.

இதுல பெரிய வேடிக்கை என்னன்னா, இன்னிக்கு வரைபடத்துல "சீயோன் மலை"ன்னு இருக்கறது தாவீது பிடிச்ச மேடே இல்ல! முதல் நூற்றாண்டுலயே அவர் கோட்டை மேற்கு மலையில இருந்துச்சுன்னு நம்ப ஆரம்பிச்சுட்டாங்க. யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் அப்படித்தான் எழுதியிருக்கார். நாலாம் நூற்றாண்டுல அங்கேயே சீயோன் பேர்ல சர்ச்சும் வந்தாச்சு. பழைய ஊரு கிழக்குல இருக்கற சின்ன மேடுதான்னு 19-ம் நூற்றாண்டுல தொடங்கின அகழாய்வுகளுக்கு அப்புறம்தான் தெளிவாச்சு.

எனக்கு எங்க ஊர் கருப்பணசாமி பாறை ஞாபகம் வந்துச்சு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால செதுக்கின சமணத் தீர்த்தங்கரர்கள் அதுல வரிசையா இருக்காங்க. கல்வெட்டுல அந்த இடத்துக்குப் பேரு திருக்குணகிரி. எங்க ஊர்ல அப்படிச் சொன்னா யாருக்கும் தெரியாது, கருப்பணசாமிதான். இங்க மலை நிக்குது, பேரு மாறிடுச்சு. அங்க பேரு நிக்குது, மலை மாறிடுச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில லாரி வந்துடுச்சு. டீச்சர் பலகையைக் கழட்டச் சொன்னாங்க. என் சிநேகிதன்தான் ஸ்க்ரூ டிரைவர் புடிச்சான். நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இல்லாம, "டீச்சர், இப்ப சீயோன் மலைன்னு சொல்றது நிஜ சீயோன் இல்லையாம்"னேன்.

சிரிச்சாங்க. "ஏல, இந்தப் பலகையே மூணு வீடு மாறிருச்சு. அருப்புக்கோட்டையில வாடகை வீடு, ஆண்டிபட்டியில வாடகை வீடு, அப்புறம் இங்க. மூணும் சீயோன்தான்." அப்புறம் அவன் பக்கம் திரும்பி, "நேத்து நீ கேட்டதுக்கு நான் ஒழுங்கா பதில் சொல்லல. எங்க வேதத்துல அது போய்ச் சேர்ற ஊருப்பா. யாரையும் காலி பண்ணச் சொல்லிட்டுப் போற ஊரு இல்ல."

"எனக்குத் தெரியாதா டீச்சர்? நோன்பு மாசத்துல அஞ்சரைக்கே டியூஷனை முடிச்சு எங்களைக் கஞ்சி குடிக்க அனுப்பினது நீங்கதானே"ன்னான். டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாங்க.

மக வீடு சென்னையில, ஆறாவது மாடி. கேட்டுன்னு ஒண்ணு கிடையாது. பலகையை எங்க மாட்டுவீங்கன்னு கேட்டேன். "அவ சுவத்துல ஆணி அடிக்க விடுவாளோ என்னவோ. இல்லைன்னா பீரோவுல துணிக்கு அடியில இருக்கட்டும்"னாங்க. ஒரு பழைய சேலையில சுத்தி மடியில வெச்சுக்கிட்டுக் கார்ல ஏறினாங்க.

லாரி கிளம்பினப்புறம் பார்த்தேன். கேட்டுல பலகை இருந்த இடத்துல மட்டும் பெயிண்ட் மங்காம புதுசா இருந்துச்சு. எங்க வீட்டையும் குடுத்துட்டு உன் கூட வந்துடறோம்னு அப்பா ஆறு மாசமா சொல்லிட்டிருக்கார். நானும் "பார்க்கலாம்ப்பா"ன்னே ஓட்டிட்டிருக்கேன். எங்க வீட்டுக்குப் பேரு கிடையாது. வித்துட்டா கையில எடுத்துட்டுப் போக ஒரு பலகைகூட இல்ல.

அன்னிக்கு ராத்திரி பஸ் ஏறறப்பவும் அப்பா கேட்டார். "அடுத்த லீவுல பேசுவோம்ப்பா"ன்னு சொல்லிட்டு ஏறிட்டேன்.