பிள்ளைக்கு இரண்டு பெயர்

தேவதானம் பக்கம் எங்கள் தெருவில் பிள்ளைக்கு இரண்டு பெயர். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் வேறொன்று. ஞாயிறு பள்ளியில் பொய் சொல்லாதே என்கிறோம். திங்கட்கிழமை, டீச்சர் கேட்டால் இந்துன்னு சொல்லு என்று அனுப்புகிறோம். ஏழு வயசுப் பிள்ளை எதுப்பா நிஜம் என்கிறது.

1950 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரை. கிறிஸ்தவரான நாங்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோராம்! தனித்தொகுதி கிடையாது, அடிபட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கிடையாது. ஊரில் சாதி மட்டும் அப்படியே இருக்கிறது, சில இடங்களில் கல்லறைத் தோட்டத்திலும்.

விசுவாசத்தில் பிள்ளைகளை வளர்க்க ஆயர்கள் சொல்கிறார்கள். நாங்கள் இதையும் பேசுகிறோம். ராஜாவின் கட்டளைக்குப் பயப்படாமல் மோசேயை அம்மா ஒளித்துவைத்த கதையோடு 1950 ஆணையையும் சொல்கிறோம். பிள்ளைகள் நிறையக் கேள்வி கேட்கிறார்கள். சட்டம் படிக்கும் தோழர்கள் ஒரு ஞாயிறு வந்து பதில் சொன்னால் நல்லது.